விளக்கைப் பார்க்காதீர்கள், வண்டியைப் பாருங்கள்: புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களுக்கு,

எங்கள் பள்ளியிலும் இந்தச் சுற்றுவட்டாரத்தின் மற்றப் பள்ளிகளிலும் கார் ஓட்டப் பழகி, இந்த வருஷம் லைசென்ஸ் வாங்கிய எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள் உங்களில் உண்டு. பேரன் பேத்தி எடுத்தபிறகு ஸ்டியரிங் பிடிக்கத் துணிந்த அம்மாக்கள் உண்டு. வளைகுடாவில் வருஷக்கணக்காகச் சாலையின் வலதுபக்கம் ஓட்டிவிட்டு, இங்கே வந்து இடதுபக்கத்துக்குக் கையையும் கண்ணையும் பழக்கிக்கொண்டவர்களும் உண்டு. இதுவரை சத்தியமங்கலத்துக்கும் கோபிக்கும் நடுவில்தான் ஓட்டியிருக்கிறீர்கள். இனிமேல் கோவை - சேலம் நாலுவழிச் சாலையில் ஏறுவீர்கள். லீவு வந்தால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திம்பம் வழியாக மைசூர் கிளம்புவீர்கள். அப்போது பக்கத்து சீட்டில் நான் இருக்கமாட்டேன். என் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கும் இருக்காது.

ஆர்டிஓ ஆபீஸில் கைச் சைகை காட்டினீர்கள், போர்டுகளைப் பார்த்து அர்த்தம் சொன்னீர்கள், ரிவர்ஸ் எடுத்தீர்கள். அவை எழுதிவைத்த சட்டம். எழுதாத சட்டம் ஒன்றும் சாலையில் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் ஹாரனாலும் விளக்காலும் கையாலும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது அது. பயிற்சிப் பள்ளிக்கு வருமுன் நானும் லோடு லாரி ஓட்டியவன் என்பதால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். அதில் பெரும்பகுதி முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பத்திரமாக வீடு சேர்க்கும் பேச்சு. ஒரு பகுதி மட்டும் புரியாமல் நம்பினால் உயிரை வாங்கிவிடும். 2022-இல் மட்டும் நம் மாநிலத்தில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் அந்த வருஷம் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். இந்தச் சாலைகளில்தான் உங்களை இறக்கிவிட்டிருக்கிறேன். அதனால் அந்தப் பேச்சில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வலது இண்டிகேட்டர். இதை நிதானமாகச் சொல்லவேண்டும்.

இருவழிச் சாலையில் ஒரு லோடு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கண்ணுக்கு முன்னால் முழுக்கத் தார்ப்பாய்தான். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. திடீரென்று லாரியின் வலது இண்டிகேட்டர் எரிந்து எரிந்து அணைகிறது. நான் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால் அந்த லாரி வலதுபக்கம் திரும்பப் போகிறது. லாரிக்காரர்கள் நடுவிலோ அதே விளக்கு, 'முன்னால் ரோடு காலி, நீ ஏறிப் போ' என்றும் சொல்லும். ராத்திரியில் எதிரே ஒரு வண்டி நெருங்கும்போது, 'என் வண்டியின் வலது ஓரம் இதுவரை இருக்கிறது, ஒதுங்கி வா' என்று அந்த வண்டிக்குச் சொல்லவும் அதையே போடுவார்கள். ஒரு விளக்குக்கு மூன்று சேதி. திரும்பப் போகிற லாரி உங்களுக்கு வழிவிடுகிறது என்று நினைத்து ஏறினால் அதன் பக்கவாட்டில் போய்ச் சொருகுவீர்கள். எதிர்வண்டிக்குக் காட்டிய விளக்கை உங்களுக்கென்று நினைத்து ஏறினால் அந்த எதிர்வண்டியிலேயே மோதுவீர்கள். போதாக்குறைக்கு, இடது இண்டிகேட்டரைப் போட்டு 'போ' என்று சொல்லும் டிரைவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பழக்கம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். முன்னால் போகிறவர் எந்த வழக்கத்தில் வளர்ந்தவர் என்று தார்ப்பாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு கணிப்பு உண்டு. நீங்கள் டெஸ்டுக்காகப் பழகிய கைச் சைகைகளை நினைத்துப் பாருங்கள். வலது கையை நேராக நீட்டி, உள்ளங்கை முன்பக்கம் பார்க்கும்படி வைத்தால் வலதுபக்கம் திரும்புகிறேன் என்று அர்த்தம். அதே வலது கையை நீட்டி, முன்னும் பின்னுமாக அரைவட்டத்தில் வீசினால் பின்னால் வருகிறவர் முந்திப் போகலாம் என்று அர்த்தம். இரண்டுமே 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில் இருந்தவை. 2017-இல் அவற்றின் இடத்தில் புதிய ஓட்டுநர் விதிமுறைகள் வந்தன. ஜன்னல் திறந்திருந்த காலத்தில் நீட்டிய கை எது, வீசிய கை எது என்று பின்னால் வருகிறவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைக்குப் பதிலாக விளக்கைப் போடத் தொடங்கியபோது, இரண்டும் வலது கை வேலை என்பதால் இரண்டும் வலது விளக்குக்குள் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். விளக்குக்கு எரிந்து அணையத்தான் தெரியும், வீசத் தெரியாது.

ஆகவே முன்னால் போகிற லாரி வலது விளக்கைப் போட்டால், அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருக்காமல் லாரியைப் பாருங்கள். வேகம் குறைகிறதா? பிரேக் லைட் எரிகிறதா? நடுக்கோட்டை நோக்கி நகர்கிறதா? வலதுபக்கம் பெட்ரோல் பங்கு, ரைஸ் மில், குவாரிக்குப் போகும் மண்பாதை, சாப்பாட்டுக்கடை ஏதாவது வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் லாரி திரும்பப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறையாமல், இடது ஓரமாக நன்றாக ஒதுங்கி, வலதுபக்கம் திரும்புவதற்கு ஒரு பாதையும் இல்லாத இடத்தில் போட்டால், அநேகமாக வழிவிடுகிறார். அப்போதும் சட்டென்று ஏறவேண்டாம். லாரியின் வாலை ஒட்டிக்கொண்டு நின்றால் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று கார் நீளம் பின்வாங்குங்கள். மெல்ல வலதுபக்கம் நகர்ந்து, சாலையை உங்கள் கண்ணால் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் போங்கள். தெரியாவிட்டால் பின்னாலேயே வாருங்கள், ஐந்து நிமிஷத்தில் குடிமுழுகிப் போகாது.

அந்த டிரைவர் தப்பாகச் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். உங்களைவிட அவருக்குத் தூரம் தெரியும். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். ஆனால் அவர் சொன்னது சொன்ன அந்த நொடிக்குத்தான் பொருந்தும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் அந்த வேகத்தில் வந்தால், நடுவில் இருக்கும் தூரம் நொடிக்கு 44 மீட்டர் வீதம் குறைகிறது. அவர் விளக்கைப் போட்டு, அதை நீங்கள் கவனித்து, யோசித்து, கியர் மாற்றி, வெளியே வருவதற்குள் ஐந்து நொடி போயிருந்தால் 220 மீட்டர் போய்விட்டது. லாரியைக் கடந்து மறுபடி உள்ளே வருவதற்கு அதற்கு மேலும் நேரம் வேண்டும். உங்கள் காரின் பிக்கப் எப்படி, உள்ளே எத்தனை பேர், ஏசி ஓடுகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் விளக்கைப் போட்டது உங்களுக்கு முன்னால் போன காருக்காகவும் இருக்கலாம். முன்கார் ஏறியது என்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதாக, மூன்றாவதாக ஏறுகிறார்கள் பாருங்கள், அவர்களுக்கு யாரும் வழி சொல்லவே இல்லை.

நீங்கள் பிறருக்கு வழிவிடும்போது வலது விளக்கைத் தொடாதீர்கள். இடது ஓரமாக ஒதுங்கி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். போதும். இடது இண்டிகேட்டர் போடலாம், ஏனென்றால் நீங்கள் இடதுபக்கம் நகர்வது உண்மை. முந்துவதா வேண்டாமா என்பதைப் பின்னால் வருகிறவர் தன் கண்ணால் பார்த்து முடிவு செய்துகொள்வார். உங்கள் விளக்கு உங்கள் வண்டி என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் சொல்லட்டும். அடுத்தவர் என்ன செய்யவேண்டும் என்று சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். என்னோடு லாரி ஓட்டியவர்களிடமும் டீக்கடையில் இதையே சொல்லி வாதாடிக்கொண்டிருக்கிறேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள்.

நாலுவழிச் சாலையில் இன்னொரு வேதனை. வலது டிராக்கில் ஒரு லாரி மெதுவாகப் போகிறது, நகர மாட்டேன் என்கிறது, உங்களுக்குக் கோபம் வருகிறது. அது ஏன் அங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். இடது டிராக்கில் பஸ் நிற்கும், பஞ்சராகி ஒரு வண்டி நிற்கும், எதிர்த்திசையிலேயே ஒரு மொபெட் வரும், ஊருக்கு ஊர் சர்வீஸ் ரோட்டிலிருந்து டிராக்டர் ஏறும். லோடோடு அடிக்கடி நின்று கிளம்ப முடியாமல் அவர் வலதுபக்கமே போகிறார். அது சரியான பழக்கம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் விளக்கடித்த உடனே அவரால் ஒதுங்கவும் முடியாது. முன்பெல்லாம் இடதுபக்க ஜன்னலில் கிளீனர் இருப்பார். தலையை வெளியே நீட்டிப் பார்த்து, 'வரலாம், வரலாம்' என்று கதவைத் தட்டுவார், யாராவது உள்ளே நுழைந்தால் 'ஓல்டான்' என்று கத்துவார். இப்போது பல லாரிகளில் கிளீனர் இல்லை, டிரைவர் ஒற்றை ஆள். இடதுபக்கம் கேபினுக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் வந்தால்கூட அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை விளக்கடியுங்கள், பிறகு பொறுங்கள். அவர் கண்ணாடியைப் பார்த்து, நிச்சயப்படுத்திக்கொண்டு, ஒதுங்குவார். ஒதுங்கிய பிறகு கடந்துபோகும்போது கையை ஒருதரம் தூக்கிக் காட்டுங்கள். பகலெல்லாம் ஹாரனை மட்டுமே கேட்டுக்கொண்டு போகிறவருக்கு அந்தக் கை பெரிய விஷயம். எனக்கு அப்படி இருந்தது.

விளக்கடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஹெட்லைட்டை அடித்தால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று அர்த்தம். பிரிட்டனில் பலர் அதையே 'நீ வா, நான் நிற்கிறேன்' என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். அந்த நாட்டு அரசு வெளியிடும் சாலை விதிப் புத்தகமோ, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிப்பதைத் தவிர வேறெதற்கும் விளக்கடிக்கக்கூடாது என்கிறது. வெளிநாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் இதை மனதில் வையுங்கள். வாய்க்கால் மேல் இருக்கும் ஒற்றை வண்டிப் பாலத்தில் எதிரே வரும் வண்டி விளக்கடித்தால், அது உங்களைக் கூப்பிடவில்லை. முதலில் அடித்தவர் முதலில் வருவார் என்பது இங்கே வழக்கம். இருவரும் அடித்தால்? நீங்கள் நின்றுவிடுங்கள். முழுக்க நின்று, ராத்திரியாக இருந்தால் ஹெட்லைட்டை அணைத்துச் சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டால், 'நான் நிற்கிறேன், நீ வா' என்று எந்தப் பழைய டிரைவருக்கும் புரியும்.

பட்டப்பகலில் எதிர்வண்டிகள் உங்களுக்கு விளக்கடித்துக்கொண்டே போனால் முன்னால் ஏதோ இருக்கிறது. மரம் விழுந்திருக்கலாம், விபத்து நடந்திருக்கலாம், போலீஸ் நிற்கலாம். காரணம் எதுவானாலும் வேகத்தைக் குறைத்துப் போங்கள். ஆனால் போலீஸ் சோதனைக்காக நீங்கள் மற்றவர்களுக்கு அடிக்காதீர்கள். நூறு பேர் அபராதத்திலிருந்து தப்பிக்கலாம். அதில் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டி வருகிறவனாக இருந்தால், அடுத்த வளைவில் அவன் யார் மேல் ஏறுவான் என்று யாருக்குத் தெரியும்?

நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும் ஹசார்டு லைட்டைப் பலர் 'நேராகப் போகிறேன்' என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். நாற்சந்தியில் இது விபரீதம். எதிரே நிற்பவருக்கு இரண்டு விளக்கும் தெரியும். உங்கள் இடதுபக்கத் தெருவிலிருந்து வரும் பைக்காரருக்கு இடது விளக்கு ஒன்றுதான் தெரியும். நீங்கள் தன் தெருவுக்குள் திரும்பப் போகிறீர்கள் என்று நினைத்து அவர் உள்ளே வருவார், நீங்கள் நேராகப் போவீர்கள். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் வேண்டாம். மழையிலும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், நீங்கள் டிராக் மாறுவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். வண்டி பழுதாகி நிற்கும்போது போடுங்கள். வேகமான சாலையில் முன்னால் திடீரென்று எல்லாம் நின்றுபோனால், பின்னால் வருகிறவர் கவனிக்கும்வரை போட்டு, பிறகு அணைத்துவிடுங்கள்.

நல்ல மனசோடு செய்யும் ஒரு காரியம் பற்றி இனிச் சொல்லவேண்டும். இதைச் சொல்லும்போதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். நாலுவழிச் சாலையில் ஒரு பாட்டி கையில் பையோடு கடக்க நிற்கிறார். இடது டிராக்கில் வந்த கார் அவருக்காக நிற்கிறது. டிரைவர் உள்ளேயிருந்து, 'போங்கம்மா' என்று கையைக் காட்டுகிறார். பாட்டியும் அந்தக் கையை நம்பி இறங்குகிறார், காரின் முன்பக்கத்தைக் கடந்து அடுத்த டிராக்குக்கு வருகிறார். அந்த டிராக்கில் வருகிறவருக்கு நின்றிருக்கும் கார் தெரியும், அதற்கு முன்னால் நடந்து வரும் பாட்டி தெரியமாட்டார். கை காட்டியவரால் தன் டிராக்கை மட்டும்தான் நிறுத்த முடிந்தது. அடுத்த டிராக் அவர் கையில் இல்லை. நில்லுங்கள், தாராளமாக நில்லுங்கள், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். 'போங்க' என்று மட்டும் கை காட்டாதீர்கள். நீங்கள் நிற்பதைப் பார்த்து, இரண்டுபக்கமும் பார்த்து, அவர் தாமாக இறங்கட்டும். சந்திலிருந்து வெளியே வரும் ஸ்கூட்டருக்கும், யூ டர்ன் எடுக்க நிற்கும் ஆட்டோவுக்கும் இதேதான். இதே காரணத்தால், உங்களுக்குப் பக்கத்து டிராக்கில் ஒரு வண்டி காரணமில்லாமல் நின்றால், அதன் முன்னால் யாரோ நடக்கிறார் என்று நினைத்து நீங்களும் நில்லுங்கள்.

நம் மக்கள் சாலையில் செய்யும் ஒரு காரியம் எனக்கு ரொம்பவும் பிடித்தது. பைக்கில் ஸ்டாண்டை எடுக்காமல் ஒருவர் போனால், தெருவே கூப்பிடும்: 'அண்ணே, ஸ்டாண்டு!' பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் புடவைத் தலைப்பு சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கினால், 'அக்கா, சேலை, சேலை!' என்று யாரோ ஒரு பையன் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போவான். அவர்கள் தாங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறார்கள். வண்டியை எப்படி ஓட்டவேண்டும் என்று உத்தரவு போடுவதில்லை, நன்றிக்கும் காத்திருப்பதில்லை. பகலில் ஹெட்லைட் எரிந்தால் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார்களே, அதுவும் இந்த வகைதான். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படி கம்பெனியிலேயே அமைத்துவிடுகிறார்கள், அணைக்க முடியாது. இருந்தும் மக்கள் கை காட்டுகிறார்கள். உங்களுக்குக் காட்டினால் எரிச்சல்படாமல் தலையாட்டிவிட்டுப் போங்கள்.

இனி மலை. பண்ணாரி சோதனைச்சாவடியைத் தாண்டினால் திம்பம் ஏற்றம், 27 கொண்டை ஊசி வளைவுகள். 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் காட்டு விலங்குகளை முன்னிட்டு ராத்திரிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியதிலிருந்து, விடிந்ததும் எல்லா வண்டியும் ஒரேயடியாக மலையேறுகின்றன. இங்கே நீங்கள் படிக்கவேண்டிய முதல் பாடம், லாரி ஒரு வளைவை எப்படி எடுக்கிறது என்பது. நீள வண்டி உங்களைப்போலத் தன் பாதியிலேயே திரும்பாது. மூக்கை வெளிவிளிம்புவரை கொண்டுபோய், எதிர்ப்பக்கத்தை முழுக்க எடுத்துக்கொண்டு திரும்பினால்தான் பின்சக்கரம் உள்பக்கச் சுவரில் இடிக்காமல் வரும். அதாவது வளைவு முழுவதும் அதற்கு வேண்டும். நீங்கள் மேலேயிருந்து இறங்கி வந்து வளைவின் வாயில் நின்றுவிட்டால், லாரி பாதித் திருப்பத்தில், முழு லோடோடு, ஏற்றத்தில் நின்றுவிடும். மறுபடி கிளப்பும்போது கிளட்ச் கருகும் நாற்றம் உங்கள் காருக்குள்ளேயே வரும். வண்டி பின்னால் உருளாமல் இருக்க, துணைக்கு ஆள் இருந்தால் அவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ வைப்பார். ஆள் இல்லாத லாரிக்காரர் என்ன செய்வார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது வெறும் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிறவர் ஓரமாக நின்று ஏறுகிறவரை விடவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் விதிமுறைகளே சொன்னன. வளைவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதைத்தான் அவை சொல்லவில்லை. வளைவுக்கு இரண்டு மூன்று கார் நீளம் மேலேயே, நேரான இடத்தில், இடது ஓரமாக நில்லுங்கள். லாரி திரும்பி, அதன் வால் உங்களைக் கடந்தபிறகு கிளம்புங்கள். பின்னால் வருகிற கார் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும், அசையாதீர்கள். ஏற்கெனவே ஒரு லாரி வளைவில் மாட்டிக்கொண்டு வரிசை நின்றிருந்தால், வரிசையை விட்டு வலதுபக்கம் ஏறி முன்னால் போய் நிற்கவேண்டாம். அப்படி நாலு கார் போனால் இறங்குகிற வண்டிகளுக்கும் வழி அடைத்துவிடும், கிரேன் வரக்கூட இடம் இருக்காது. காலையில் கிளம்பிய குடும்பங்கள் மத்தியானம்வரை குடிக்கத் தண்ணீரில்லாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த முதல் நாலு கார்கள்தான்.

சக்கரத்துக்கு வைத்த கல் பற்றி ஒரு வார்த்தை. வண்டி கிளம்பியதும் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். நடுரோட்டில் அப்படியே விட்டுப்போன கல்லில் ராத்திரி பைக்கில் வருகிறவர் மோதி விழுவார். உங்கள் கார் பஞ்சராகி நீங்களே கல் வைத்தாலும் இதை மறக்காதீர்கள். பிறர் விட்டுப்போன கல்லைக் கண்டால், பத்திரமாக நிறுத்த இடமிருக்கும்போது இறங்கி எடுத்துப் போடுங்கள்.

எதிரே தெரியாத வளைவுக்கு முன்னால் ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்து, பதில் வருகிறதா என்று கேளுங்கள். கேட்பதற்காகக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். பல குரலில் பாடும் ஹாரன் எதையும் மாட்டாதீர்கள், அதை 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளே தடுக்கின்றன. யானை நின்றால் மட்டும் ஹாரனும் வேண்டாம், விளக்கடிப்பதும் வேண்டாம். ஆசனூர் பக்கம் கரும்பு லாரிகளுக்காக யானைகள் சாலையோரம் வந்து நிற்கும். எதிரே வரும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, 'மேலே ஆனை நிக்குது' என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு, தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். பின்னால் வருகிற அடுத்த வண்டிக்கும் அதைச் சொல்லுங்கள். இறங்கிப் படம் எடுக்கிறவர்களை வண்டிக்குள் போகச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, பாதி மலையில் பிடிக்காமல் போய்விடும்.

ராத்திரி ஓட்டும்போது எதிரே வண்டி வந்தால் டிம் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வளைவான சாலையில் எதிர்வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வெளிச்சம் மரக்கிளைகளில் ஏறும். அப்போதே டிம் செய்துவிடுங்கள், அவர் வளைவைத் திரும்பும் அந்த நொடியில் கண் கூசாமல் இருக்கும். நீங்கள் டிம் செய்தும் அவர் செய்யாவிட்டால், ஒருமுறை அடித்து நினைவூட்டுங்கள். அதற்கும் செய்யாவிட்டால் பழிக்குப் பழியாக உங்கள் பிரைட்டைப் போடாதீர்கள். இரண்டு டிரைவர்களுக்குமே கண் தெரியாமல் வண்டிகள் நெருங்குவதுதான் மிஞ்சும். பார்வையை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோய், வேகத்தைக் குறையுங்கள். சைக்கிளில் வருகிறவருக்கும் நடந்து வருகிறவருக்கும்கூட டிம் செய்யுங்கள். அவர்களால் உங்களுக்கு விளக்கடித்துக் கேட்க முடியாது.

ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டும் சேர்ந்தோ கிடைக்கும், அதை நீங்கள் அறிவீர்கள். வழிவிட்டபிறகு அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறவர்களைப்போல் நீங்கள் போகவேண்டாம். சாவு ஊர்வலம் எதிரே வந்தால் ஓரமாக நின்று ஹாரன் அடிக்காமல் விடுங்கள். டவுன் பஸ் இரண்டு விசில் கேட்டு ஸ்டாப்பிலிருந்து கிளம்பும்போது முந்தப் பார்க்காதீர்கள், அதில் அறுபது பேர் இருப்பார்கள்.

கடைசியாக ஒரு வேலை. இந்தச் சைகைகள் எல்லாம் விளக்கு எரிந்தால்தான் உண்டு. லீவுக்குக் கிளம்பும் முந்தின நாள் சாயங்காலம், வீட்டில் ஒருவரைக் காருக்குப் பின்னாலும் பிறகு முன்னாலும் நிற்கச் சொல்லி, பிரேக் லைட் இரண்டும், இண்டிகேட்டர் நாலும், ரிவர்ஸ் லைட்டும் எரிகிறதா என்று பாருங்கள். ஆள் இல்லையென்றால் காரை ரிவர்ஸில் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள், சுவரில் வெளிச்சம் தெரியும். டாஷ்போர்டில் இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டால் அநேகமாக ஒரு பல்பு போயிருக்கிறது. மாற்ற நூறு ரூபாய்கூட ஆகாத பல்புகள் நிறைய உண்டு. எது எரியவில்லை என்று தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், காலை ஆறரைக்கெல்லாம் திறந்திருப்போம். பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்,
சத்தியமங்கலம்